கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்: செட்டிநாட்டில் திரையின் தடம்

இந்தியாவுக்குச் சுதந்திரம் 1947 ஆகஸ்ட் 15 அன்று வந்தது என்று படித்திருக்கிறோம். காரைக்குடியில் எடுத்த ஒரு படத்தில் அது ஏழு மாதம் முந்திக்கொண்டது. அந்த ஆண்டு ஜனவரியில், பொங்கலையொட்டி வெளியான 'நாம் இருவர்' படத்தில் ஒரு சிறுமி மேடையில் ஆடுகிறாள். விடுதலை கிடைத்தாயிற்று, இனிக் கொண்டாட வேண்டியதுதான் பாக்கி என்கிறது பாட்டு. டெல்லியில் அப்போது வைஸ்ராய் வேவல் இருந்தார். பாட்டை எழுதிய பாரதி மறைந்து 25 ஆண்டுகள் கடந்திருந்தன. பாடியவர் டி.கே. பட்டம்மாள், ஆடியவர் குமாரி கமலா, படம்பிடித்த இடம் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகை.

இறந்தவரின் சொல், கச்சேரி மேடைக்காரரின் குரல், ஒரு சிறுமியின் கால்கள், பொட்டல் வெளியில் ஒரு கொட்டகை. நான்கையும் ஒன்றாகத் தைத்தபோது இன்னும் நடக்காத ஒன்று, நடந்துவிட்டதாகத் திரையில் வந்து நின்றது. ஆகஸ்டில் நிஜமான சுதந்திரம் வந்த நாளில், அதை எந்த மெட்டில் பாடுவது, எந்த முகத்தோடு வரவேற்பது என்பது படம் பார்த்தவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது.

திரை நம் மெய்யுணர்வை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். திரை ஒரு கண்ணாடி, உள்ளதைக் காட்டுகிறது என்பது ஒன்று. திரை ஒரு மாயை, இல்லாததைக் காட்டி மயக்குகிறது என்பது மற்றொன்று. நம் பழமொழி இந்த இரண்டிலும் சிக்காதது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்கிறது. கண்ணையும் காதையும் ஒரேயடியாக நம்பாதே என்று சொல்லிவிட்டு, மூன்றாவதாக ஒரு வேலையையும் நம் தலையில் கட்டுகிறது.

அந்த மூன்றாவது வேலையைப் பற்றி யோசிக்கச் செட்டிநாட்டைவிடப் பொருத்தமான ஊர்ப்புறம் அரிது. இங்கே படம் பார்த்தவர்கள் மட்டும் இல்லை. படம் செய்தவர்களும் இருந்தார்கள். பிறகு இந்த ஊர்களே படமாகிப்போயின. திரையின் முன்பக்கம், பின்பக்கம், உட்பக்கம் மூன்றையும் நூறு ஆண்டுகளுக்குள் பார்த்த மண் இது. அதன் கதையிலிருந்து எனக்குப் புலப்படுவது ஒன்றுதான்: திரையின் வல்லமை அதன் தையலில் இருக்கிறது. தையல் கண்ணுக்குத் தெரியும்வரை திரை நமக்கு அறிவைக் கூட்டுகிறது. தையல் மறைந்துபோகும்போது நம் இடத்தில் அதுவே நினைக்கத் தொடங்குகிறது.

சுவரில் இருந்தவர்கள்

சினிமாவுக்கு முன்பே செட்டிநாட்டு வீடுகளில் படங்கள் நிறைந்திருந்தன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் சமூக ஆண்கள், ஒரு கணக்கு முடிய ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கேயே இருப்பார்கள். வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றிய சுவரில், கதவு நிலைக்கு மேலே, சற்று முன்னால் சாய்ந்தபடி சட்டமிட்ட நிழற்படங்கள் தொங்கும். கடலுக்கு அப்பால் இருந்த அப்பச்சியை, அதாவது அப்பாவை, முதன்முதலில் படத்தில் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இருந்த காலம் அது. படத்துக்குப் பக்கத்திலேயே ரவிவர்மாவின் அச்சுப் படங்களில் லட்சுமியும் சரஸ்வதியும். முன்னோரும் தெய்வமும் தொலைவில் இருப்பவரும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில் அருகருகே இருந்தார்கள்.

ஆனால் அந்தப் படங்கள் தனியாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு குரல் இருந்தது. இவர் உன் ஐயா, மௌல்மீனில் கடை வைத்திருந்தார், அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரனுடையது என்று ஓர் ஆச்சி சொல்லிக்கொண்டிருப்பார். படம் முகத்தைக் காட்டியது. கோட்டு இரவல் என்பதை ஆச்சி சொன்னார். இரண்டும் சேர்ந்துதான் அந்த வீட்டின் மெய்.

சொல்ல ஆள் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கும் காரைக்குடியிலேயே ஒரு சான்று உண்டு. 1919 நவம்பரில் பாரதி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது இங்கே நிழற்படம் எடுத்தார்கள். இன்று நமக்குக் கிடைக்கும் பாரதியின் அசல் நிழற்படங்கள் ஐந்துதான். அவற்றில் இரண்டு காரைக்குடியில் எடுத்தவை. ஆனாலும் பாரதி என்றவுடன் ஒரு தலைமுறைக்கு மனத்தில் எழுந்த முகம் அந்த ஐந்தில் ஒன்று அல்ல. 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாரதியாக நடித்த எஸ்.வி. சுப்பையாவின் முகம் அது. கேமரா பிறப்பதற்கு முன்பே, 1799-இல், தூக்கில் தொங்கிய கட்டபொம்மனுக்கோ போட்டிக்கு நிற்க ஒரு நிழற்படம்கூடக் கிடையாது. 1959-இல் வந்த படத்துக்குப் பின் அவர் முகமும் குரலும் சிவாஜி கணேசனுடையவைதாம். இந்த இரண்டு படங்களையும் இயக்கியவர் பி.ஆர். பந்துலு. காரைக்குடிக் கொட்டகையில் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் நடித்த அதே பந்துலு.

நினைவு என்பது நடந்ததைச் சேமித்து வைக்கும் பெட்டகம் என்று நாம் எண்ணுகிறோம். பெட்டகத்தில் எது தெளிவாக இருக்கிறதோ அதையே கை முதலில் எடுக்கிறது. மங்கிய நிழற்படத்தைவிட, அசைந்து பேசிக் கண்கலங்கிய திரை முகம் தெளிவானது. அதனால் அது முன்னுக்கு வந்துவிடுகிறது.

கண்: 50,000 அடி காந்தி

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக் கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அன்று காந்தியின் பிறந்தநாள். அப்போது அவருக்கு வயது 25.

அவர் செய்த வேலையைப் படப்பிடிப்பு என்பதைவிடத் திரட்டல் என்பதே சரி. முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் உலகின் பல மூலைகளில் எடுத்துவைத்திருந்த துண்டுகளைத் தேடி, கண்டங்கள் தாண்டி ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். சேர்ந்தது 50,000 அடிப் படச்சுருள். அதை வெட்டிக் கோத்து 12,000 அடியாக்கினார். 35 மில்லிமீட்டர் சுருள் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்று கணக்கிட்டால், ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட காந்தி, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த காந்தியானார். படம் 1940 ஆகஸ்ட் 23 அன்று சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியானது.

இதே செட்டிநாடு காந்தியை நேரிலும் பார்த்திருந்தது. 1927 செப்டம்பரில் அவர் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரங்களில் சுற்றினார். நகரத்தார் வீடுகளில் அடைந்துகிடந்த வெளிநாட்டு அறைகலன்களைக் கண்டு மனம் ஒப்பாமல் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். சிராவயலில் ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளம் ஜீவானந்தத்தைச் சந்தித்ததும் அந்தப் பயணத்தில்தான்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றவருக்கு 1927-இன் காந்தி, புழுதிக்கு நடுவே தொலைவில் தெரிந்த ஒரு வெள்ளைத் துணி. ஆனால் அவர் நம் வீட்டு நாற்காலியைப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். நம்மிடம் காசு கேட்டார். நாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1940-இன் காந்தி முகச்சுருக்கம்வரை தெரியும் அளவுக்கு அருகில் வந்தார். அவர் நடையும் சிரிப்பும் துல்லியம். ஆனால் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. நேரில் வந்தவர் தொலைவாகத் தெரிந்தாலும் நம்மைத் தொட்டார்; திரையில் வந்தவர் அருகில் தெரிந்தாலும் நம்மை விட்டுவைத்தார். திரை கூட்டிக் கொடுப்பது என்ன, கழித்துக்கொள்வது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

கழித்தலை மட்டும் பேசினால் ஏ.கே. செட்டியாருக்கு அநீதி செய்தவர்களாவோம். தென்னாப்பிரிக்கா முதல் தண்டி வரை நீண்ட ஒரு வாழ்க்கையை ஒரே இருப்பில் பார்க்க, அக்காலத்தில் எந்த மனிதக் கண்ணாலும் முடியாது. சிதறிக்கிடந்த நூறு கண்களைச் சேர்த்து ஒரே பார்வையாக்கித் தந்தது அவருடைய தையல். மேலும் அவர் அந்தத் தையலை மறைக்கவில்லை. எந்தத் துண்டு எங்கே கிடைத்தது, யாரிடம் எப்படிக் கெஞ்சி வாங்கினோம் என்பதையெல்லாம் பின்னாளில் தம் 'குமரி மலர்' இதழில் எழுதிவைத்தார். ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் திரட்டி 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று நூலாக்கினார். படத்தின் முழுத் தமிழ் வடிவம் கைக்குக் கிடைக்காத நிலையில், அது செய்யப்பட்ட கதை மட்டும் நம்மிடம் முழுசாக இருக்கிறது. துணி போய்த் தையல் மட்டும் எஞ்சிய அபூர்வம்.

காது: யாருடைய குரல்?

பழமொழியின் இரண்டாம் பாதி காதைப் பற்றியது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் அதில் கைதேர்ந்தவர். கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தில் வளர்ந்தவர் என்பதால் குரலின் மதிப்பு அவருக்குத் தெரியும். 1938-இல் 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். 1943-இல் எடுத்த கன்னட 'ஹரிச்சந்திரா'வை மறு ஆண்டே தமிழ் பேசவைத்தார். 1945-இல் 'ஸ்ரீவள்ளி' எடுத்து முடித்த பிறகு, வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டுக்குரல் அவருக்கு நிறைவு தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ருக்மிணியின் உதட்டசைவோடு பொருத்தினார். திரையில் வள்ளி பாடினாள். வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. கேட்டவர்களுக்கு ஒரே வள்ளி.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு அறிவியல் விடை முப்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு உளவியலாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பா' என்ற ஒலியை, 'கா' என்று அசையும் உதடுகளோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது இரண்டும் இல்லை. 'டா' என்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டால் 'பா'. திறந்தால் மறுபடி 'டா'. சூழ்ச்சி என்னவென்று தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கும். காது கேட்பதைக் கண் திருத்துகிறது. திருத்தியது நமக்குத் தெரிவதில்லை.

ஒலியும் ஒளியும் ஒரே நேரத்தில் வந்தால் அவை ஒரே இடத்திலிருந்து வருவதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது. பொம்மலாட்டக்காரரின் குரல் பொம்மையின் வாயிலிருந்து வருவதாகத் தோன்றுவதும் அதனால்தான். இங்கே அறியாமைக்கு இடமில்லை. படித்தவர், படிக்காதவர், பாமரர், பேராசிரியர் எல்லாருக்கும் இது ஒன்றே. திரையில் ஏமாறுபவர் வேறு யாரோ என்று நாம் நினைத்துக்கொள்வது, இந்தச் சோதனைக்கு முன்னால் நிற்காது.

ஏமாந்த அந்த 'வேறு யாரோ'வைப் பற்றி உலகமே ஒரு கதை வைத்திருக்கிறது. 1896-இல் லூமியேர் சகோதரர்கள் ரயில் வரும் காட்சியைக் காட்டியபோது, மக்கள் ரயில் தங்கள்மேல் ஏறிவிடும் என்று பயந்து ஓடினார்கள் என்பார்கள். அப்படி ஓடியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று திரைப்பட வரலாற்றாளர்கள் பலர் காட்டியிருக்கிறார்கள். திரையின் மயக்கத்தைப் பற்றி நாம் சொல்லும் முதல் கதையே, விசாரிக்காமல் நம்பிய கதை.

கொட்டகையின் இரண்டு பக்கம்

1945-இல் ஏ.வி.எம். நிறுவனம் தொடங்கியபோது மெய்யப்பனின் விருப்பம் சென்னையில் ஸ்டூடியோ கட்டுவதுதான். போர்க்கால மின்தட்டுப்பாடு அவரை ஊருக்குத் திருப்பியது. தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகையோடு இருந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தார். ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகம் அங்கே 'நாம் இருவர்' ஆனது. பாரதி விழாவோடு தொடங்கி காந்தியின் 77-ஆம் பிறந்தநாளோடு முடியும் படம் அது. அடுத்து 'வேதாள உலகம்' வந்தது. 1948-இல் நிறுவனம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. காரைக்குடியின் ஸ்டூடியோ வாழ்வு மூன்று ஆண்டுக்கும் குறைவே.

அந்தக் குறுகிய காலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 'நாம் இருவர்' படத்தில் கள்ளச்சந்தைப் பணக்காரராக, வளர்ந்த மகனுக்குத் தகப்பனாக வரும் வி.கே. ராமசாமிக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்ததே பெரிது. அவருடைய மகனாக நடித்த பந்துலு அவரைவிட மூத்தவர். வெளியூர் ரசிகர் திரையில் கிழவரைப் பார்த்தார். தேவகோட்டை ரஸ்தாவில் நடமாடியவருக்கோ, நரைமுடி பூசிய ஓர் இளைஞர் டீ குடிப்பதைப் பார்க்கவும் வாய்ப்பிருந்தது. திரையும் திரையின் பின்பக்கமும் ஒரே ஊரில் இருந்தன.

படம் காட்டிய கொட்டகைகளுக்கும் இதைப்போல இரண்டு பக்கம் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாச் சாதியினரும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்து ஒரே நிகழ்ச்சியைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்று கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசு பிரித்தது. கோயில் பிரித்த மாதிரிப் பிரிக்கவில்லை. டூரிங் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற இடைவேளைகள் வரும். படம் அறும், விளக்கு எரியும், முறுக்கு விற்கும் பையன் குறுக்கே நடப்பான். எட்டணா கொடுத்த மாயைக்கு நடுவே நாலைந்து முறை உலகம் உள்ளே வந்து போனது. தையல் பிரிந்து பிரிந்து தெரிந்த காலம் அது.

வளவுக்குள் வந்த பெட்டி

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கினாலும், தென்மாவட்டங்களுக்கு அது கேள்விப்படும் சங்கதியாகவே இருந்தது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியதும், உயரமாக ஆன்டெனா கட்டியவர்கள் சென்னைக்கு முன்பாகக் கொழும்பைப் பார்த்தார்கள். 1987-இல் கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி தெற்கே ஒழுங்காகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை இரவு சினிமாப் பாட்டுக்காக ஊரே காத்திருந்த நிகழ்ச்சியின் பெயர் 'ஒளியும் ஒலியும்'. கண்ணையும் காதையும் ஒன்றாய்க் கட்டும் வித்தைக்கு அதைவிடப் பொருத்தமாகப் பெயர் வைக்க முடியாது.

டிவி இருந்த வீட்டுப் பட்டாலையில் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தது தொடக்கக் காலம். 1993-இல் சன் டிவி வந்தது. 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் வந்தது. வீட்டுக்கொரு பெட்டி ஆனபின் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. தொடர்களில் வரும் மருமகள்கள் அந்த இடத்தை நிரப்பினார்கள். 1956-இலேயே டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் தோன்றுபவரோடு பார்ப்பவர் கொள்ளும் நெருக்கத்தை ஒருவகை ஒருதலை உறவு என்று விளக்கினார்கள். நாம் அவர்களை அறிவோம்; அவர்கள் நம்மை அறிய மாட்டார்கள்.

செட்டிநாட்டில் இந்த உறவுக்குத் தனிச் சூழல் ஒன்று அமைந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட பெரிய வீடுகளில், முன்கட்டில் ஒரு முதியவரும் காவலுக்கு ஓர் ஆளும் மிஞ்சினார்கள். முப்பது பேர் புழங்கிய வளவில் சாயங்காலத்தில் ஒலித்த ஒரே பேச்சு டிவிப் பேச்சு. அதைப் பொய்யுறவு என்று தள்ளிவிடுவது வெளியூரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எளிது. அந்த ஆச்சிக்கு அந்த நேரத்தில் கிடைத்த ஒரே மனிதக் குரல் அதுதான்.

இப்போது கைபேசி அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அன்று வீட்டில் இருந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்களின் படத்தைப் பார்த்தார்கள். இன்று போனவர்கள், வீட்டின் படத்தைப் பார்க்கிறார்கள். முன்னோர் வழிபாடான படைப்பு நடக்கும்போது யாராவது ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடிக்க, கடல்தாண்டி இருக்கும் பேரப்பிள்ளைகள் முன்னோருக்கு வைத்த சேலையையும் வேட்டியையும் வாட்ஸப்பில் பார்த்துக் கும்பிடுகிறார்கள். உறவு அறுந்துபோகாமல் திரைதான் பிடித்துவைத்திருக்கிறது. வீட்டுக்கு நேரில் வராமலேயே வந்துவிட்ட நிறைவையும் அதே திரைதான் தருகிறது.

வீடே திரையானபோது

2000-இல் வெளியான 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தின் குடும்பம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் வாழ்கிறது. தாத்தாவின் உயிலால் வீடு கைவிட்டுப் போக, தாயும் மகள்களும் சென்னைக்குப் பிழைக்கப் போகிறார்கள். பங்காளிகள் பெருகி, பாகம் பிரிக்க முடியாமல், தேக்குத் தூண்களுக்காகவே வீடுகள் இடிபட்ட வட்டாரத்தில் இந்தக் கதை வெறும் கதையாக இருந்திருக்க முடியாது. ஆனால் பார்த்தவர்கள் மனத்தில் தங்கியது உயில் அல்ல. தூண்களுக்கு நடுவே விழுந்த வெளிச்சம்.

அதன்பின் எத்தனையோ படங்களும் தொடர்களும் விளம்பரங்களும் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தன. ஒரு படத்தில் ஜமீன் அரண்மனை, இன்னொன்றில் வில்லன் வீடு, மற்றொன்றில் கல்யாண மண்டபம். வாழ்ந்த வீடு 'லொகேஷன்' ஆயிற்று. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று வேலைக்கும் உறவுக்கும் ஏற்பப் பிரிந்த இடங்கள் கேமராவுக்கு ஒன்றே: வரிசையாகத் தூண், ஆத்தங்குடிக் கல், மேலிருந்து வெளிச்சம். விளக்கு எங்கே ஏற்றுவது, இரட்டை வீடு யாருக்கு, அடுப்படி எத்தனை என்ற கணக்கு படத்தில் வராது.

இயந்திரம் பெருக்கும் நகல்களால் கலைப்பொருளின் ஒளிவட்டம் மங்கிவிடும் என்று வால்டர் பெஞ்சமின் 1936-இல் எழுதினார். செட்டிநாட்டில் நடந்தது தலைகீழ். நகல்கள் பெருகப் பெருக அசலைத் தேடி ஆட்கள் வந்தார்கள். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் நின்று படமெடுப்பவர்கள், தாங்கள் திரையில் பார்த்த கோணம் எங்கே என்று தேடுகிறார்கள். வீடு அந்தக் கோணத்துக்கு ஒத்துவந்தால் நிறைவு. வெயிலில் சுண்ணாம்பு உதிர்ந்து தெரிந்தால் ஏமாற்றம். எது எதற்கு உரைகல் என்பது மாறிவிட்டது. திரை உண்மையைப் போல் இருக்கிறதா என்று பார்த்த காலம் போய், உண்மை திரையைப் போல் இருக்கிறதா என்று பார்க்கும் காலம் வந்துவிட்டது.

இதில் வருமானம் இருக்கிறது என்பதை ஒதுக்க முடியாது. வாடகை வந்ததால் ஒழுகாமல் தப்பிய கூரைகள் உண்டு. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அந்த அளவுக்கு அவை வெளியுலகக் கண்ணில் பட்டதில் படங்களுக்கும் பங்குண்டு. ஆனால் வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டை ட்ரோன் உயரத்திலிருந்து பார்க்கப் பழகும்போது, கேமராவுக்குப் படாத இரண்டாங்கட்டு அவர்களுக்கே தேவையற்ற இடமாகத் தோன்றத் தொடங்கும். அங்கேதான் நான் கவலைப்படுகிறேன்.

தீர விசாரிப்பது

2024-இல் வந்த 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரகுமான் மறுபடி பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அதே ஆண்டு ஜனவரியில், 2018-இல் மறைந்த மு. கருணாநிதி திமுக இளைஞரணி மாநாட்டுத் திரையில் தோன்றிப் பேசினார். 'ஸ்ரீவள்ளி'யில் உயிரோடிருந்த ஒருவரின் வாயில் உயிரோடிருந்த இன்னொருவரின் குரலைப் பொருத்திய வித்தையின் பேரப்பிள்ளை இது. வேறுபாடு ஒன்றுண்டு. அன்று தைத்தவர் ஊசியும் கையுமாக எதிரில் இருந்தார். இன்று கைபேசித் திரையில் அடுத்தடுத்து வருவதை எது தேர்ந்தது, எதைத் தள்ளியது, ஏன் இந்தப் பிள்ளைக்கு இது, அந்தப் பிள்ளைக்கு அது என்பதற்கு முகம் காட்டிப் பதில் சொல்ல ஆள் இல்லை. ரீல் மாற்ற விளக்கும் எரிவதில்லை.

பிள்ளைகள் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினால் போதும் என்ற பேச்சு இதைத் தொடவே இல்லை. கண்ணும் காதும் எல்லாருக்கும் ஒரேமாதிரித்தான் ஏமாறுகின்றன என்பதைப் பார்த்தோம். வயதும் படிப்பும் கவசம் ஆகா. ஏ.கே. செட்டியார் செய்ததைப் போல, இது எங்கிருந்து வந்தது, எத்தனை அடியில் எத்தனை அடி வெட்டுப்பட்டது என்று கேட்டு எழுதிவைக்கும் பழக்கம் ஒன்றே மிஞ்சுகிறது. பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்குப் பதம்பிரித்துப் பொருள் சொல்லப் பழக்குகிறோம். ஒரு நிமிட வீடியோவுக்கும் அப்படிப் பதம்பிரிக்கப் பழக்கலாம்: இங்கே வெட்டியிருக்கிறது, இங்கே குரல் வேறு, இங்கே இசை நம்மை அழச் சொல்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிந்த வீடுகளின் நிலைக்கதவும் எனாமல் பாத்திரமும் ரவிவர்மா படமும் குவிந்துகிடக்கும் அந்தக் கடைகளில், சட்டமிட்ட குடும்ப நிழற்படங்களும் விலைக்கு வரும். கழுத்து நிறைய நகை போட்ட ஆச்சிகள், கோட்டு போட்ட ஐயாக்கள். வாங்குபவர் வேறெங்கோ ஒரு ஓட்டல் சுவரில் அலங்காரத்துக்கு மாட்டுவார். முகம் அப்படியே தெளிவாக இருக்கிறது; கோட்டு இரவல் என்று சொல்ல ஆள்தான் இல்லை.

அப்படி ஒரு படம் கையில் கிடைத்தால் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வைத்துவிடக் கூடாது. திருப்பிப் பின்பலகையைப் பார்க்க வேண்டும். சிலவற்றில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். சிலவற்றில் பென்சிலில் ஓர் ஊர்ப்பெயர், அழிந்துபோன ஒரு தேதி. விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.